பைக்கை எப்போது, எந்த வரிசையில் விடுவது

வயதாக ஆக, வண்டி ஓட்டும் உடல் தளர்கிறது என்பது ஓடும்போது தெரிவதில்லை. நிற்கும்போதுதான் முதலில் தெரியும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பைக் தன்னைத்தானே பெரும்பாலும் நிமிர்த்திக்கொள்ளும். நாம் லேசாகத் திருத்திக் கொடுத்தால் போதும். சிக்னலில் நிற்கும்போதும், சரிவில் வண்டியைப் பின்னால் உருட்டும்போதும், குறுகலான இடத்தில் திருப்பும்போதும் அந்த உதவி கிடையாது. முழுப் பாரமும் நம்முடையது. "ஓட்டும்போது நன்றாகத்தானே இருக்கிறது" என்று பலர் வருடக்கணக்கில் தங்களைத் தேற்றிக்கொள்வது இதனால்தான்.

கணக்காகவே பார்க்கலாம். 200 கிலோ எடையுள்ள பைக், அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர், ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நின்ற நிலையில் 5 டிகிரி சாய்ந்தால் ஹேண்டில்பாரில் ஏறக்குறைய 9 கிலோ தாங்க வேண்டும். 15 டிகிரியில் அது 26 கிலோ. 30 டிகிரியில் 50 கிலோ. இளம் வயதில் 5 டிகிரியிலேயே கால் ஊன்றிப் பிடித்துவிடுவோம். அரை நொடி தாமதித்தால் அதே வண்டி 15 டிகிரியில் கையில் விழுகிறது. தசை 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது, 60க்கு மேல் இன்னும் வேகமாக. அதிலும் முதலில் மெலிவது சட்டென்று இயங்கும் தசைநார்கள். பலம் இருக்கிறது, ஆனால் நேரத்துக்கு வருவதில்லை. அரிசி மூட்டையைத் தூக்க முடிகிற ஒருவர் சாயும் பைக்கைப் பிடிக்க முடியாமல் போவதன் காரணம் இதுதான்.

அதற்காக வண்டி ஒருமுறை கவிழ்ந்ததும் விற்றுவிட வேண்டியதில்லை. முதலில் வண்டியைச் சரிசெய்துவிட்டு, பிறகு உடம்பை எடைபோட வேண்டும். இந்த வரிசை மாறினால் நல்ல உடம்பின் மேல் பழி விழும், இல்லையென்றால் தளர்ந்த உடம்பு வண்டியின் கோளாறுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

"பேலன்ஸ் போய்விட்டது" என்று வருந்துகிறவர்களின் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்குகள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அழுத்திப் பிடிக்க, முன்சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். ஹேண்டில்பாரை நடுவில் வைத்து, ஒரு விரலால் லேசாகத் தட்டுங்கள். இரு பக்கமும் தானாகவே விழ வேண்டும். நடுவில் பள்ளத்தில் உட்கார்ந்தது போல நின்றால் பால்ரேஸ் (பேரிங் குண்டுகள் உருளும் தடம்) தேய்ந்துவிட்டது. எல்லா இடத்திலும் இறுக்கமாக இருந்தால் மேல் நட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். இரண்டிலுமே மெதுவாகப் போகும்போது வண்டி பாம்பு போல நெளியும், ஓட்டுகிறவர் தன் வயதை நொந்துகொள்வார். முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது 'டொக்' என்று கேட்டால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. முன் டயரில் காற்று குறைந்தாலும் திருப்புவது கனமாகிவிடும். வாரம் ஒருமுறை, டயர் சூடாகும் முன் அளக்க வேண்டும்.

அடுத்து கிளட்ச். லீவர் நுனியில் பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. கேபிள் உள்ளே காய்ந்திருந்தாலோ, ஓர் இழை பிரிந்திருந்தாலோ, எங்காவது ஒடுங்கலாக வளைந்திருந்தாலோ பிடிக்க வேண்டிய பலம் கூடிவிடும். மேல் முனையைக் கழற்றி மெல்லிய எண்ணெய் விட்டு, அது கீழ் முனையில் கசியும் வரை காத்திருங்கள். இழை பிரிந்த கேபிளுக்கு எண்ணெய் உதவாது, மாற்றியே ஆக வேண்டும். லீவரின் சாய்வையும் கவனியுங்கள். சீட்டில் வழக்கம்போல உட்கார்ந்து விரலை நீட்டினால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நேர்கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் கை சீக்கிரம் மரத்துப்போகும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கை மரத்தால், எந்த விரல்கள் என்று பாருங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுவில் நரம்பு நெருக்கப்படுகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால் பெரும்பாலும் உள்ளங்கையின் வெளிவிளிம்பில் உடல் பாரத்தைச் சாய்ப்பதால் வருவது. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தினால் குறையலாம். இந்த இரு விரல்களுக்கும் போகும் நரம்பு முழங்கையிலும் அழுந்தும் என்பதால் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கட்டைவிரலின் அடிமூட்டில் வலி என்றால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். கிளட்சைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அது கூடும், கிளட்ச் இல்லாத வண்டிக்கு மாறுவதே அதற்கு நல்லது.

இரவில் தெரியவில்லை என்கிறவர்கள் கண் மருத்துவரிடம் போகும் வழியிலேயே ஹெல்மெட்டின் வைசரையும் மாற்றிவிடுங்கள். துணியால் துடைத்துத் துடைத்து விழுந்த மெல்லிய கீறல்கள் எதிர்வண்டி வெளிச்சத்தை நட்சத்திரமாகச் சிதறடிக்கும். மஞ்சளாகிப்போன ஹெட்லைட் கண்ணாடியும், சரிவு மாறிய விளக்கும் இதே குற்றவாளிகள்தான். புது வைசர் போட்ட பிறகும் எதிர்விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கண்புரையைச் சந்தேகிக்கலாம்.

இனி உடம்பு. கண்ணிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இழப்பு அதிகமும் அங்கேதான், தெரியாமல் நடப்பதும் அங்கேதான். வயதோடு கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண் கூசிய பின் பார்வை திரும்பவும் கூடுதல் நேரம் ஆகும். அந்தச் சில நொடிகளில் வண்டி குருடாகப் போகிறது: மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு நொடிக்கும் 14 மீட்டர். கண்ணழுத்த நோய் பக்கப்பார்வையைத் தின்னும்போது வலியும் இல்லை, இருட்டும் இல்லை. மூளை இல்லாததை இட்டு நிரப்பிக்கொள்கிறது. எழுத்துப் பலகையைப் படிப்பது மட்டும் பரிசோதனை ஆகாது. பக்கப்பார்வைச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தூரமும் கிட்டமும் ஒரே கண்ணாடியில் இருக்கும் வகையில், கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. கால் ஊன்றும் இடத்தைக் குனிந்து பார்க்கும்போது அந்தப் பகுதி வழியாகத்தான் பார்க்கிறீர்கள், ஆகவே தரை கலங்கித் தெரியும், ஆழம் தவறும். நிற்கப்போய் வண்டியைச் சாய்ப்பவர்களில் சிலருக்குக் கோளாறு காலில் இல்லை, இந்தக் கண்ணாடியில்தான் இருக்கிறது. வண்டிக்கென்று தூரப்பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்தை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஹெல்மெட் போட்டு உட்காருங்கள். ஒருவர் உங்கள் வலப்பின் மூலையில், பிறகு இடப்பின் மூலையில், கண்ணாடியில் தெரியாத இடத்தில் நின்று விரல்களைக் காட்டட்டும். கழுத்தைத் திருப்பி எத்தனை விரல் என்று சொல்ல முடிகிறதா? முடியாமல் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டியிருந்தால், ஓடும்போது அந்தத் திருப்பத்தோடு கை ஹேண்டில்பாரையும் இழுக்கும், வண்டி அந்தப் பக்கமே ஒதுங்கும். பக்கக்கண்ணாடியை நம்பிக்கொள்ளலாம் என்றால், குவிந்த கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி உண்மையைவிடத் தள்ளித் தெரியும்.

பிரேக் பிடிக்கும் தாமதத்தைப் பற்றிப் பேசினால் எல்லோரும் "அரை நொடிதானே" என்பார்கள். மணிக்கு 60 கி.மீ.யில் அரை நொடி என்றால் 8 மீட்டருக்குச் சற்று மேல். காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் அந்த வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் ஆகும். ஒரே இடத்தில் ஆபத்தைப் பார்க்கும் இருவரில் ஒருவர் அரை நொடி பிந்திப் பிடிக்கிறார் என்று வையுங்கள். முதலாமவர் முழுக்க நின்றுவிட்ட அதே புள்ளியை, பிந்தியவர் இன்னும் 39 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருப்பார். இதை ஈடுகட்ட ஒரே வழி வேகத்தைக் குறைத்து முன்னிடைவெளியைக் கூட்டுவது. ஏபிஎஸ் உள்ள வண்டி சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், ஆனால் தாமதத்தைத் திருப்பித் தராது.

மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் "நான் பைக் ஓட்டுகிறேன்" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும், அவராகக் கேட்க மாட்டார். சளிக்கான குளோர்பெனிரமின், தூக்கத்துக்கும் பதற்றத்துக்குமான அல்பிரசோலம், குளோனசெபம், நரம்பு வலிக்கான பிரகாபலின், கபாபென்டின் எல்லாம் மந்தம் தருபவை. இரவு போட்ட மாத்திரையின் மந்தம் காலையிலும் மிச்சம் இருக்கலாம். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், சில இரத்த அழுத்த மாத்திரைகள், எழுந்து நிற்கும்போது அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். தலைசுற்றல் வருவது வண்டியிலிருந்து இறங்கும் அந்த நேரத்தில்தான். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது பெரிய அபாயம். 70க்குக் கீழே போனால் அது தாழ்நிலை. கிளம்பும் முன் அளந்து, 90க்குக் கீழ் இருந்தால் சாப்பிட்டு, மறுபடி அளந்த பிறகே வண்டியைத் தொடுங்கள். கூடவே பீட்டா பிளாக்கர் (இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் ஒரு வகை மாத்திரை) எடுத்தால் படபடப்பு, நடுக்கம் போன்ற எச்சரிக்கைகள் மங்கிவிடும், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கலாம்.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வயதோடு மூளை சற்றுச் சுருங்கி, அதையும் மண்டையோட்டின் உறையையும் இணைக்கும் சிரைகள் இழுபட்ட நிலையில் இருக்கும். ஹெல்மெட் போட்டிருந்தாலும், நின்ற இடத்தில் விழுந்தாலும், அவை கிழிந்து கசியலாம். உடனே ஒன்றும் தெரியாமல், சில வாரங்கள் கழித்துத் தலைவலி, தடுமாற்றம், குழப்பம் என்று வரும். ஆகவே இவர்கள் தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கால் வலிமைக்கு இரண்டு எளிய சோதனைகள். கையூன்றாத நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12. அதற்குக் கீழே என்றால் சராசரிக்குக் கீழே. அடுத்து, சுவர் அருகில் நின்று ஒற்றைக்காலில் 10 நொடி. இரண்டு காலையும் தனித்தனியாகச் சோதியுங்கள், ஏனென்றால் நீங்கள் எப்போதும் ஊன்றுவது ஒரு காலைத்தான். தவறினால் ஓட்டம் முடிந்தது என்று பொருளில்லை. தினமும் நாற்காலியில் எழுந்து உட்காரும் பயிற்சி சில மாதங்களில் எண்ணிக்கையைக் கூட்டும். தளர்ச்சியில் ஒரு பகுதி திரும்பி வரக்கூடியது, இதைப் பலர் முயன்று பார்க்காமலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து மூன்று மாதம் குறித்து வாருங்கள். கால் வழுக்கியது, இண்டிகேட்டரை அணைக்க மறந்தது, பழகிய வளைவில் அகலமாகப் போனது, பக்கவாட்டில் வந்த வண்டி 'திடீரென்று' முளைத்தது, ஹாரன் எந்தப் பக்கம் என்று தெரியாதது. ஒவ்வொன்றையும் தேதி, நேரம், வெளிச்சம், எத்தனை நிமிடம் ஓட்டிய பிறகு என்ற விவரத்தோடு எழுதினால் ஒரு போக்கு தெரியும். எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்றால் கண். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு என்றால் சோர்வு. எல்லாம் நிற்கும்போது என்றால் கால் அல்லது வண்டியின் எடை.

போக்கு தெரிந்துவிட்டால் எதை விடுவது என்பதும் தெரிந்துவிடும். பொதுவான வரிசை இப்படி: முதலில் இரவு, அதுவும் மழை இரவு. அடுத்து பின்னால் ஆள் ஏற்றுவது. 60 கிலோ பாரம் உயரத்தில், உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாமல் அசையும் பாரம் அது. நிற்கும் நொடியில் அவர் ஒரு பக்கம் திரும்பினால் மேலே சொன்ன 15 டிகிரி வந்துவிடும். விழுந்தால் அடி அவருக்கும்தான் என்பதால் இதை முன்னாலேயே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிறகு ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவது. அதற்கடுத்து கனமான வண்டி.

கனமான பைக்கிலிருந்து 110 கிலோ ஸ்கூட்டருக்கு வந்தால் 15 டிகிரி சாய்வில் தாங்க வேண்டியது ஏறக்குறைய பாதியாகிவிடும், 14 கிலோ அளவில். காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கிளட்ச் இல்லை. ஆனால் ஸ்கூட்டரின் சக்கரம் 10, 12 அங்குலம்தான். 17, 18 அங்குலச் சக்கரம் உருண்டு ஏறும் குழியில் இது இறங்கிவிடும், அடி முதுகெலும்புக்குப் போகும். குழி மலிந்த பாதையில் போகிறவருக்கு இடுப்பு வலிதான் தொந்தரவு என்றால், ஸ்கூட்டருக்குப் பதில், கனமில்லாத 100 சிசி பைக்கே மேல். மின்சார ஸ்கூட்டரில் சத்தம் இல்லாததால், வண்டி 'ஆனில்' இருப்பது மறந்து, தள்ளும்போது ஆக்சிலரேட்டரைத் திருகிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. சைடு ஸ்டாண்டு போட்ட பின் இறங்குங்கள், தள்ளும் முன் அணைத்துவிடுங்கள். வாங்கும்போது எடையைப் பாருங்கள். பேட்டரியால் சில மாடல்கள் பெட்ரோல் ஸ்கூட்டரைவிடக் கனமானவை.

பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் பாதுகாப்பானது என்று நினைத்து மாறுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது சாயாது. இருசக்கர வண்டியில் வேகத்தில் வலப்பக்கம் வளைய, நம்மை அறியாமலே வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுவோம், வண்டி வலப்பக்கம் சாயும். பக்கச் சக்கரம் உள்ளதில் அதே பழக்கம் வண்டியை இடப்பக்கம் கொண்டுபோகும். நாற்பது வருடப் பழக்கம் ஒரே நாளில் மாறாது. காலி மைதானத்தில் சில நாட்கள் எட்டுப் போட்டுப் பழகுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், ஏனென்றால் வேகமாகத் திருப்பினால் அது வளைவின் வெளிப்பக்கமாகக் கவிழும்.

படிப்படியாக விடுவதற்கு இடமில்லாத நிலைகளும் உண்டு. காரணம் தெரியாத மயக்கம், வலிப்பு, இரட்டைப் பார்வை, சர்க்கரை தாழ்வது உணர்வுக்கே வராமல் போவது, பழகிய வழியில் திசை மறப்பது. இவற்றில் ஒன்று வந்தால் அன்றே நிறுத்திவிட்டு, மருத்துவர் சரி என்ற பிறகே மறுபடி யோசிக்க வேண்டும்.

வீட்டில் பெரியவரிடம் பேச வேண்டியவர்களுக்கு: "வயசாயிடுச்சுப்பா, இனி வேண்டாம்" என்று தொடங்காதீர்கள். அது வண்டியைப் பற்றியதாக அவர் காதில் விழாது, அவரைப் பற்றியதாகவே விழும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "நேத்து ராத்திரி வேகத்தடையைப் பார்க்காம ஏத்துனீங்கப்பா, போன வாரமும் அப்படித்தான். கண்ணைக் காட்டிட்டு வருவோமா?" அதற்கு முன் ஒரு வாரத்தில் அவர் எங்கெல்லாம் போகிறார் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் மாற்று வழியை ஏற்பாடு செய்துவிடுங்கள். யாரையும் கேட்காமல் நினைத்த நேரத்தில் கிளம்பும் சுதந்திரம்தான் அவர் இழப்பது. அதற்கு ஈடு தராமல் சாவியை மட்டும் வாங்கினால் அவர் வீட்டுக்குள் முடங்கிப்போவார்.

ஓட்டுவதை நிறுத்திய பின் வண்டியை ஆசைக்காக வீட்டில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. பேட்டரியைக் கழற்றி மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள், கார்புரேட்டர் உள்ள வண்டியானால் அதன் கிண்ணத்தை வடித்துவிடுங்கள், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆறு மாதம் கழித்து "தெருமுனை வரைக்கும் ஒரு ரவுண்டு" என்று எடுப்பது மட்டும் கூடாது. காற்று இறங்கிய டயர், பிடித்துக்கொண்ட பிரேக், பழக்கம் விட்ட கை மூன்றும் அன்று ஒன்றுசேரும்.

விற்பதென்றால் பெயர் மாற்றம் பதிவாகி ஆவணம் கைக்கு வரும்வரை வாங்குபவரிடம் வண்டியை விட்டுவிடாதீர்கள், காப்பீட்டையும் அதுவரை ரத்து செய்யாதீர்கள். சர்வீஸ் ரசீதுகள், கேபிளும் செயினும் மாற்றிய தேதி, குளிர்ந்த காலையில் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், பெட்ரோல் ரிசர்வில் விழுந்த பின் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, இரண்டு சாவியோடும் சேர்த்துக் கொடுங்கள். அந்த வண்டியைப் பற்றி உங்கள் அளவுக்குத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.